சுருக்குப் பையில் லட்சம் இருக்கிறதா?

என் கைப்பேசிக்கு வரும் படங்களில் பாதி காசுகளின் படங்கள். ஒரு ரூபாய், இருபத்தைந்து பைசா, பத்து ரூபாய். உள்ளங்கையில் வைத்து, பாயில் வைத்து, ரேஷன் கார்டின் மேல் வைத்து எடுத்தவை. கூடவே ஒரு குரல் பதிவு வரும்: "பாப்பா, இது எவ்ளோ போவும்னு கேட்டுச் சொல்லு."

வட மாவட்டம் ஒன்றில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சேரிகளில் வேலை செய்கிறேன். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, மாணவர் உதவித்தொகை, வன்கொடுமை வழக்கு என்று வரும் கேள்விகளோடு இந்தக் காசுக் கேள்வியும் சேர்ந்துகொண்டது. சிரித்துவிட்டு நகர்ந்துவிடக்கூடிய கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இதனால் எங்கள் பகுதியில் குடும்பங்கள் பணம் இழந்திருக்கின்றன. வேறு சிலர் நல்ல பொருளை அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள். எனவே மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளுக்காக, தெரிந்ததை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஏமாற்று எப்படி நடக்கிறது

நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அக்காவிடம் வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் காசு ஒன்றும், காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா மூன்றும் இருந்தன. யூடியூப் வீடியோ ஒன்றில் வந்த எண்ணுக்கு மகன் படம் அனுப்பினான். அரை மணி நேரத்தில் அழைப்பு வந்தது. "வாழ்த்துக்கள் மேடம், உங்க காசுக்கு 12 லட்சம்." பதிவுக் கட்டணம் 1,250 ரூபாய் கேட்டார்கள். கட்டினார். பிறகு ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஜிஎஸ்டி 8,500 ரூபாய். மகளிர் குழுக் கடனிலிருந்து எடுத்துக் கட்டினார். மூன்றாவதாக 17,000 கேட்டபோதுதான் என்னிடம் வந்தார். போனது 9,750 ரூபாய். அவருக்கு அது ஒரு மாத உழைப்புக்கும் மேல்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வரிசை. முதலில் காசைக் கேட்க மாட்டார்கள், காசின் படத்தைக் கேட்பார்கள். அடுத்து ஆதாரையும் பாஸ்புக்கையும் கேட்பார்கள். அதற்குப் பிறகுதான் கட்டணம், வரி, கூரியர், இன்சூரன்ஸ். காசு கடைசிவரை உங்கள் வீட்டிலேயே இருக்கும். போவது உங்கள் பணம் மட்டும்தான்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. பழைய நோட்டு, பழைய நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தனக்குப் பங்கில்லை என்றும், அதற்காக எந்தக் கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதில்லை என்றும், தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்றும் சொன்னது. ஆனால் அந்த அறிவிப்பு எங்கள் காலனிக்கு வரவில்லை. வீடியோ வந்தது.

குழந்தைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது ஒரே ஒரு விதி: வாங்குகிறவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார். கேட்டால் அவர் வாங்க வந்தவர் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைப்பதுதான் அவர்களுக்கு லாபம்.

"படிக்காத ஜனங்க, பேராசை" என்று அலுவலகங்களில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இரிடியம், ரைஸ் புல்லிங் என்று கலசத்துக்கு லட்சங்களைக் கொட்டி ஏமாந்தவர்களில் தொழிலதிபர்களும் உண்டு. அவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும் வீட்டில் ஒரு காசு 12 லட்சம் போகும் என்று யாரோ சொன்னால், நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை மதித்துத்தான் நாம் பேசத் தொடங்க வேண்டும். "அதெல்லாம் பொய்" என்று சொன்னால் மட்டும் போதாது. எது உண்மை என்பதையும் காட்ட வேண்டும்.

பழசு வேறு, அரிது வேறு

முதல் பாடம் இதுதான். ஒரு காசுக்கு மூன்று மதிப்புகள் இருக்கலாம். அதன் மேல் எழுதியிருக்கும் மதிப்பு, அதில் உள்ள உலோகத்தின் மதிப்பு, சேகரிப்பவர் தரத் தயாராக இருக்கும் மதிப்பு. மூன்றாவதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழையது. ஆனாலும் தேய்ந்த ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காரணம், அவ்வளவு மிஞ்சியிருக்கிறது.

வீடியோக்கள் லட்சம் சொல்லும் காசுகளைப் பாருங்கள். வைஷ்ணவ தேவி காசு 2012 என்று ஆண்டு போட்டு ஐந்து ரூபாயாகவும் பத்து ரூபாயாகவும் புழக்கத்துக்கு விடப்பட்டது. காண்டாமிருக இருபத்தைந்து பைசா ஆண்டுக்கணக்கில் அடிக்கப்பட்டது. 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால் இப்போது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். கண்ணில் படாதது எல்லாம் அரிதானதல்ல. ஊர் முழுக்க உண்டியலிலும் டப்பாவிலும் கிடக்கிறது.

ஆண்டைப் படிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காந்தி படம் போட்ட இருபது பைசாவில் 1869–1948 என்று இருக்கும். "1948ல அடிச்சது, சுதந்திரம் வந்த மறுவருசம்" என்று சொல்வார்கள். அது அவர் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். காசு வந்தது அவருடைய நூற்றாண்டையொட்டி, 1969 வாக்கில். நேரு காசில் இருக்கும் 1889–1964 என்பதும் அப்படித்தான். அந்தக் காலத்து மஞ்சள் நிற இருபது பைசாவில் தங்கம் கலந்திருப்பதாக ஒரு பேச்சு இன்னும் இருக்கிறது. அதில் தங்கம் இல்லை. தாமிரம் சேர்ந்த கலவையின் நிறம் அது.

இன்னொன்று "கம்பெனி காசு". ஒரு பக்கம் ராமர் சீதை அல்லது அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரை அணா, யு.கே.எல். என்றெல்லாம் எழுதியிருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், காந்தசக்தி உண்டு என்று கதை கட்டி விற்பது பெரும்பாலும் இந்த வில்லைகளைத்தான். பூஜையில் வைத்திருப்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. விற்கவோ வாங்கவோ போனால் மட்டும் தடுப்பேன்.

"இது ஏதோ மாதிரி இருக்குது"

அடுத்தது, பார்க்க விசித்திரமாக இருக்கும் காசுகள். இதில்தான் உண்மையும் பொய்யும் கலந்து கிடக்கின்றன. நாணயச்சாலையில் நடந்த பிழையால் உருவான காசுகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் உண்மையிலேயே விலை உண்டு. வெளியே வந்த பிறகு அடிபட்ட காசுக்கு விலை கிடையாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, காசு எப்படி அடிக்கப்படுகிறது என்று தெரிந்தால் போதும்.

உலோகத் தகட்டிலிருந்து வெறும் வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். ஒரு வில்லையைச் சுற்றி வளையம் பிடித்துக்கொள்ள, மேலும் கீழும் இரண்டு அச்சுகள் பெரும் அழுத்தத்தோடு மோதுகின்றன. காசு வெளியே விழுகிறது. அவ்வளவுதான் வேலை. கையில் இருக்கும் விசித்திரம் இந்த மூன்று இடங்களில் ஒன்றில் நடந்திருக்க முடியுமா? முடியும் என்றால் மேலே பார்க்கலாம். முடியாது என்றால் அது அடிபட்ட காசு.

வில்லை வெட்டும்போது, முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் காசின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி இருக்கும். உண்மையான கடி என்றால், அதற்கு நேர் எதிர் ஓரத்தில் விளிம்பு சரியாக எழும்பாமல் மங்கியிருக்கும். அரத்தால் ராவிய காசில் எதிர் ஓரம் நன்றாகவே இருக்கும்.

அச்சு விழும்போது வில்லை விலகியிருந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் வெறுமையாக இருக்கும். கொஞ்சம் விலகியது நிறையக் கிடைக்கும். அதிகம் விலகி, ஆண்டும் தெளிவாகத் தெரிந்தால்தான் நல்ல விலை.

முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் ஒரு பக்கத்தில் சரியான படமும், மறுபக்கத்தில் அதே படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, உள்ளே பள்ளமாகவும் பதியும். சேகரிப்பாளர்கள் இதை ப்ரோக்கேஜ் என்பார்கள். தேடி வாங்கப்படும் பிழை இது. ஆனால் இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கினாலும் இப்படி ஒரு தடம் விழும். அப்படிச் செய்ததில் மறுபக்கப் படம் நசுங்கியிருக்கும்.

அச்சில் விரிசல் விட்டால் காசின் மேல் மெல்லிய கோடு எழும்பி நிற்கும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: நகத்தால் தடவிப் பாருங்கள். கோடு மேடாக இருந்தால் அச்சில் நடந்தது. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பிறகு விழுந்த கீறல்.

நம் நாட்டுக் காசுகளில் இரண்டு பக்கமும் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும். காசை நிமிர்த்திப் பிடித்து, இடவலமாகத் திருப்புங்கள். மறுபக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. இதற்கும் சிறிது கூடுதல் விலை உண்டு. லட்சம் கிடையாது.

பத்து ரூபாயில் நடுவட்டம் விலகியிருப்பதும் நாணயச்சாலைப் பிழையாக இருக்கலாம். அப்படியானால் படத்தின் கோடுகள் விலகிய இணைப்பின் மேலேயே தொடர்ந்து ஓடும். நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தால் கோடுகள் அறுந்து நிற்கும்.

இரண்டு பக்கமும் தலை இருக்கும் காசு ஏறக்குறைய எப்போதும் இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டியதுதான், வித்தை காட்டுகிறவர்களுக்காகச் செய்தது. தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, தீயில் கறுத்தது, ஆசிட்டில் மெலிந்தது, மஞ்சள் முலாம் பூசியது எதுவும் பிழைக்காசு இல்லை. நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தராசு, காந்தம், பூதக்கண்ணாடி

எங்கள் மாலை வகுப்பில் மூன்று பொருள்கள் வைத்திருக்கிறோம். முதலாவது, நகைக்கடைகளில் இருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு. 2011ல் அறிமுகமான வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85 கிராம், ஐந்து ரூபாய் 6 கிராம், பத்து ரூபாய் 7.71 கிராம். எடை வெகுவாக மாறினால் ஏன் என்று கேட்கலாம். வேறு காசுக்கான வில்லையில் அச்சு விழுந்திருக்கலாம். ஆசிட்டில் கரைந்ததாகவும் இருக்கலாம். படத்தின் கூர்மை பதில் சொல்லிவிடும்.

இரண்டாவது காந்தம். எஃகுக் காசுகள் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஆறாம் ஜார்ஜ் படமும் புலியும் போட்ட 1947 ஒரு ரூபாயை வெள்ளி என்று நம்பிப் பத்திரப்படுத்தியவர்கள் பலர். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அது நிக்கல்.

மூன்றாவது பூதக்கண்ணாடி. ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக் கட்டம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, குறி எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. பழைய காசுகளில் ஐதராபாத்துக்கு வேறு வடிவங்களும் உண்டு. 1985ல் சில காசுகள் பிரிட்டனிலும் அடிக்கப்பட்டன. ஒரே ஆண்டு, ஒரே படம் என்றாலும் ஒரு நாணயச்சாலை குறைவாக அடித்திருந்தால் அதற்குத் தனி விலை. வீடியோக்கள் இந்தக் குறிகளைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினால் பார்ப்பவர்கள் தாங்களே சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்களே.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: தேய்த்துக் கழுவுவது. புளி, திருநீறு, பற்பசை போட்டு மினுக்கினால் காசின் மேல்தோல் போய்விடும். சேகரிப்பவர் அதைத் தொட மாட்டார். அழுக்கோடு இருப்பதே நல்லது.

விலை பார்க்கும்போது கேட்கும் விலையையும் விற்ற விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு ரூபாய்க் காசுக்கு ஐந்து லட்சம் என்று போட்டு வைக்கலாம். விற்றால்தானே விலை? ஏலத்தில் உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதைத் தேட வேண்டும். நூமிஸ்டா போன்ற பட்டியல் தளங்களில் ஆண்டு, எடை, குறி எல்லாம் கிடைக்கும். சென்னையில் நாணயச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது, கண்காட்சிகளும் நடக்கின்றன. ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஓர் ஆயாவின் மூன்று ரூபாய்

லட்சம் இல்லை என்று சொல்லி அனுப்புவது மட்டும் என் வேலை இல்லை. எழுபது வயதைக் கடந்த ஓர் ஆயாவின் சுருக்குப் பையில் மூன்று பெரிய காசுகள் இருந்தன. அவருடைய அம்மா கொடுத்தவை. பேத்திக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பக்கத்து டவுனில் அடகுக்கடைக்காரர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "செல்லாத காசு, ஆளப் பாத்துக் குடுக்கறேன், ஒண்ணுக்கு 150" என்றிருக்கிறார்.

மூன்றும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள். 1917 ஒன்று, 1918 இரண்டு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் சேகரிப்பாளர்கள் ஆசைப்படும் ஆண்டு 1911. அந்த ஆண்டு மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, காசைத் திரும்பப் பெற்றார்கள். ஆயாவிடம் இருந்தவை சாதாரண ஆண்டுகள். ஒன்றில் மாலையாகக் கோர்க்க வளையம் பற்றவைத்திருந்தார்கள். சேகரிப்பவர் அதை ஒதுக்கிவிடுவார்.

ஆனால் வெள்ளி எங்கே போகும்? விக்டோரியா காலத்திலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரை ஒரு ரூபாய் என்றால் 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ஏறக்குறைய 10.7 கிராம். 1940ல்தான் அது பாதி வெள்ளியாகக் குறைந்தது. அப்போது வெள்ளி கிராம் 70 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் உலோகம் மட்டுமே ஒன்று 740 ரூபாய்க்கு மேல். காகிதத்தில் எழுதி ஆயாவிடம் கொடுத்தோம். பேத்தியோடு வேறு கடைக்குப் போய் அந்தக் கணக்கைக் காட்டி விற்றார். மூன்றுக்கும் சேர்த்து 450 வாங்கியிருக்க வேண்டியவர், 2,100 ரூபாய் வாங்கினார்.

"ஞாபகத்துக்கு ஒண்ணாவது வெச்சிக்கக் கூடாதா ஆயா?" என்றேன்.

"ராஜா மூஞ்சிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எங்கம்மா மூஞ்சியா அதுல கீது?" என்றார்.

2,100 ரூபாயில் கல்லூரிக் கட்டணம் முடிந்துவிடவில்லை. சீருடைக்கும் ஷூவுக்கும் ஆனது. ஆனால் அந்தக் கடைக்காரருக்கும் ஆயாவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் எடையும் வெள்ளியின் பங்கும் பற்றிய ஒரு வரித் தகவல்தான். அதன் விலை 1,650 ரூபாய். சமூகவியல் வகுப்பில் அறிவும் அதிகாரமும் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதை ரூபாயில் கணக்குப் பார்த்தது அன்றைக்குத்தான்.

யார் வீட்டில் காசு மிஞ்சும்?

நாணயச் சேகரிப்பு நல்ல பழக்கம். ஆனால் சேகரிக்க அலமாரி வேண்டும், அலமாரி வைக்க நனையாத வீடு வேண்டும், மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் இருக்க முடிய வேண்டும். 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளைக் கொளுத்தியபோது போனவற்றில் நகையும் பணமும் கணக்கில் வந்தன. அம்மா கொடுத்த காசு, தாத்தாவின் படம், முதல் பட்டம் போன்றவற்றை எந்த இழப்பீட்டுப் பட்டியலில் எழுதுவது? நம் வீடுகளில் பழசு குறைவாக இருப்பதற்கு நாம் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்பது காரணமல்ல.

மண்ணைத் தோண்டுகிறவர்களும் நம் ஜனங்கள்தான். கரூர் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலச் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. எழுத்தைப் படித்தறிந்தவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. மணலைச் சலித்தவர்களின் பெயர்களை நான் படித்தவற்றில் பார்த்ததில்லை.

அதனால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நூறு நாள் வேலையிலோ வயலிலோ மண்ணுக்குள் புதைந்த காசுகள் கிடைத்தால் அது சுருக்குப் பைக் காசு இல்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். ஆனால் அதே சட்டம் முறைப்படி தெரிவித்த கண்டெடுத்தவருக்கும் உரிமை தருகிறது. "எங்க நெலத்துல கெடச்சது, எங்களுக்குத்தான்" என்று நிலத்துக்காரர் மிரட்டினால் அது சட்டம் அல்ல. எழுத்தில் தெரிவியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் பெயரும் அதில் இருக்கட்டும். நூறு ஆண்டுகளைக் கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. "ஃபாரின் பார்ட்டி" என்று யாராவது பேசினால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

அண்ணல் படம் போட்ட காசு

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. 1990ல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி ஒரு ரூபாய் காசு வந்தது. 6 கிராம், தாமிர நிக்கல். 2015 டிசம்பர் 6 அன்று 125ஆம் பிறந்த ஆண்டையொட்டி பத்து ரூபாய் காசும், 125 ரூபாய் காசும் வெளியிடப்பட்டன. 125 ரூபாய் காசு புழக்கத்துக்கானது அல்ல. பாதி வெள்ளி கலந்து, சேகரிப்பாளர்களுக்கென்று நாணயச்சாலை விற்றது. அதற்கு விலை உண்டு. ஒரு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் லட்சமெல்லாம் கிடையாது. தேயாமல் புதிதாக இருந்தால் முகமதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். எங்கள் பகுதியில் பல வீடுகளில் அந்தக் காசு அண்ணல் படத்தின் சட்டத்துக்குள் செருகியிருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

ஆனால் அந்தப் பத்து ரூபாயைக் கடையில் நீட்டியவர்களுக்கு வேறு அனுபவம். "இந்தப் பத்து ரூபா செல்லாது." சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பத்து ரூபாய் நாணயத்துக்கே இந்தக் கதி. ரூபாய்க் குறி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போலி என்றார்கள். பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் போலி என்றார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. வெவ்வேறு தோற்றத்தில் வந்தது என்பதற்காக ஒரு காசு போலியாகிவிடாது. வங்கிக் கிளைகளும் அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த மறுப்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. கார்டில் கட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. கூலியைச் சில்லறையாக வாங்கி, அன்றைக்கே அரிசி வாங்க வேண்டியவருக்குத்தான் "செல்லாது" என்ற சொல் வலிக்கும். எங்கள் மாணவி ஒருத்தி பேருந்தில் அண்ணல் படம் போட்ட காசை நீட்டியபோது நடத்துநர் வாங்கவில்லை. அவளுடைய கைப்பேசியில் ரிசர்வ் வங்கி அறிவிப்பு இருந்தது. எழுந்து நின்று சத்தமாகப் படித்தாள். நடத்துநர் வாங்கிக்கொண்டார். மறுநாள் வகுப்பில் பதினேழு பிள்ளைகள் அந்த அறிவிப்பைத் தங்கள் கைப்பேசிகளில் ஏற்றிக்கொண்டார்கள்.

அண்ணல் 1923ல் லண்டனில் வெளியிட்ட ஆய்வு நூலின் பொருளே ரூபாயின் சிக்கல்தான். 1925ல் இந்திய நாணயம் பற்றி விசாரிக்க வந்த அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியமும் அளித்தார். ரூபாயின் மதிப்பு அது எதை எவ்வளவு வாங்கும் என்பதில் இருக்கிறது, அது சரிந்தால் உழைக்கிறவர்தான் முதலில் அடிபடுவார் என்ற கவலை அவருக்கு இருந்தது. அவரைக் காசில் பார்க்கிறோம். காசைப் பற்றி அவர் யோசித்ததையும் படிக்கத் தொடங்கலாம்.

மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஏப்ரல் 14 அன்று கொடியேற்றி இனிப்புக் கொடுத்த பிறகு ஒரு மேசை போடுங்கள். தராசு, காந்தம், பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. வீட்டில் இருக்கும் காசுகளை எடுத்துவரச் சொல்லுங்கள். ஆண்டு, குறி, எடை, யார் கொடுத்தது என்று பிள்ளைகளை எழுத வையுங்கள். 1930 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். வருகிற காசுகளில் ஒன்றுகூட லட்சம் போகாமல் இருக்கலாம். ஆனால் "யார் கொடுத்தது" என்ற கட்டத்தை நிரப்பும்போது ஆயாக்கள் பேசத் தொடங்குவார்கள். எங்கள் நோட்டில் அந்தப் பக்கங்கள்தான் நீண்டுகொண்டே போகின்றன.

ஜெய்பீம்.